சிறையில் ஆள் கூடினால் குற்றம் குறையுமா? "லட்சத்துக்கு இத்தனை பேர்" என்ற கணக்கைப் படிப்பது எப்படி

#1 வைகைக்கரை

ஒரு பட்டியல் வாட்ஸாப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு லட்சம் மக்களுக்கு எத்தனை பேர் சிறையில் இருக்கிறார்கள் என்ற கணக்கு. எல் சால்வடார் (மத்திய அமெரிக்க நாடு) 1,600-க்கு மேல், அமெரிக்கா 530 அளவில், ரஷ்யா 300, இங்கிலாந்து 140, ஜெர்மனி 70-ஐ ஒட்டி, இந்தியா 40, ஜப்பான் 33. அடியில் ஒரு வரி: "எல் சால்வடாரில் கொலையே நின்றுவிட்டது, நம் ஊரில் சிறை காலியாகக் கிடக்கிறது, அதனால்தான் ரவுடித்தனம்."

இந்திய எண் இவ்வளவு குறைவாக இருப்பதற்கு நம் சட்டம் இளக்காரமாக இருப்பதுதான் காரணமா? சிறை எண்ணிக்கையைக் கூட்டிய நாடுகளில் குற்றம் உண்மையிலேயே குறைந்ததா? குறைத்த நாடுகளில் என்ன ஆயிற்று? விவரம் தெரிந்தவர்கள் எண்களோடு எழுதினால் நல்லது. கட்சிச் சண்டை வேண்டாம்.

#2 எண்ணாயிரம்

முதலில் அந்த எண் எதைச் சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். ஒரு குறிப்பிட்ட நாளில் சிறைக்குள் இருந்தவர்களை எண்ணி, மக்கள்தொகையால் வகுத்து, லட்சத்தால் பெருக்குகிறார்கள். அதாவது அது அணையின் நீர்மட்டம் மாதிரி. மட்டத்தை மட்டும் பார்த்து மழை எவ்வளவு பெய்தது என்று சொல்ல முடியாது. வரத்து எவ்வளவு, தண்ணீர் எத்தனை நாள் தேங்கி நிற்கிறது, இரண்டும் தெரிய வேண்டும்.

சிறைக்கும் அதே கணக்குதான்: ஒருநாள் இருப்பு = ஆண்டு வரத்து × சராசரியாக உள்ளே இருக்கும் காலம் (ஆண்டில்). ஒரு நாட்டில் ஆண்டுக்கு 50,000 பேர் உள்ளே போய், சராசரியாக ஆறு மாதம் இருந்தால் இருப்பு 25,000. அதே 50,000 பேரை ஓராண்டு வைத்தால் இருப்பு 50,000. குற்றம் ஒன்றுகூடக் கூடவில்லை, சிறைவாசிகள் விகிதம் மட்டும் இரட்டிப்பாகிவிட்டது.

இப்போது இந்தியாவுக்குப் போட்டுப் பாருங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரப்படி 2021 டிசம்பர் 31 அன்று உள்ளே இருந்தவர்கள் 5,54,034 பேர். அந்த ஆண்டு முழுக்கச் சிறைக்குள் அனுமதிக்கப்பட்டவர்கள் 18 லட்சத்துக்குச் சற்று மேல். இருப்பின்படி லட்சத்துக்கு 40. வரத்தின்படி 130-க்கு மேல்! ஒரே ஆள் ஆண்டில் இரண்டு முறை போனால் இரண்டாக எண்ணப்படும், அதைக் கழித்தாலும் வரத்து பெரியதுதான். 5.54-ஐ 18-ஆல் வகுத்து 365-ஆல் பெருக்கினால் சராசரி இருப்புக் காலம் சுமார் 112 நாள் வரும்.

ஆகவே "இந்தியாவில் சிறை காலி" என்பது நிற்காது. ஏராளமானோரைச் சில வாரம், சில மாதம் உள்ளே வைத்து வெளியே விடும் அமைப்பு இது. 2022 இறுதியில் மொத்தக் கொள்ளளவு 4,36,266, உள்ளே இருந்தவர்கள் 5,73,220. அதாவது 100 பேர் இருக்க வேண்டிய இடத்தில் 131 பேர்.

#3 தராசுமுள்

எண்ணாயிரம் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். 75 சதவீதத்துக்கும் மேல். இவர்கள் மீது இன்னும் எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படவில்லை. தண்டனைக் கைதிகள் சுமார் 1,33,000 பேர்தான்.

அதனால் "தண்டனைக் கொள்கை கடுமையா, இளக்காரமா" என்ற கேள்வியை இந்திய எண்ணை வைத்துக் கேட்கவே முடியாது. நம் சிறை எண்ணிக்கையைத் தீர்மானிப்பது தண்டனைச் சட்டம் இல்லை. கைது செய்யும் பழக்கமும், ரிமாண்டும், ஜாமீனும், வழக்கு இழுபடுவதும்தான். ஜெர்மனியின் 70-இல் பெரும்பகுதி தண்டனை பெற்றவர்கள். நம் 40-இல் பத்துதான் அப்படி. இரண்டையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வைப்பதே தப்பு.

#4 கருங்கல்

புள்ளிவிவர நுணுக்கமெல்லாம் சரி. அடிப்படையைக் கேட்கிறேன். வீடு புகுந்து திருடுகிறவன் உள்ளே இருக்கும் வரை திருட முடியாது, இதில் சந்தேகம் உண்டா? அமெரிக்காவில் 1990-களில் சிறைகளை நிரப்பினார்கள், குற்றம் பாதியாகக் குறைந்தது. எண்கள் கண்முன்னே இருக்கின்றன. இதை மறுத்துவிட்டு ஸ்காண்டிநேவியக் கதை சொல்லப் போகிறீர்கள் என்றால், முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள்.

#5 எண்ணாயிரம்

கருங்கல், நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. அமெரிக்காவை ஒரு பத்தாண்டாக வெட்டி எடுக்காமல் முழு நீளத்துக்கும் வைத்துப் பாருங்கள்.

1972-இல் அங்கே லட்சத்துக்கு 161 பேர் உள்ளே. 2007-இல் 767. 35 ஆண்டுகளில் ஏறத்தாழ ஐந்து மடங்கு. இந்த ஏற்றத்தின் முதல் பாதியில், 1991 வரை, சிறையும் ஏறியது, குற்றமும் ஏறியது. 1991-இல் கொலை விகிதம் லட்சத்துக்கு 9.8. அதன்பின் சிறை ஏறியது, குற்றம் இறங்கியது; 2000-இல் கொலை 5.5. 2008-க்குப் பின் சிறை இறங்கியது, குற்றமும் 2014 வரை இறங்கிக்கொண்டே போனது. 2020-இல் சிறை சட்டென்று குறைந்தது, கொலை சுமார் 30 சதவீதம் கூடியது. 2022-க்குப் பின் கொலை வேகமாக இறங்கியது. ஒரே நாட்டில் ஐம்பது ஆண்டுகளில் எல்லா ஜோடியும் வந்துவிட்டது. இதில் ஒரு துண்டை மட்டும் எடுத்து "காரணம் இதுதான்" என்று சொல்ல முடியாது.

பக்கத்து நாடான கனடாவைப் பாருங்கள். சிறை விகிதம் இத்தனை பத்தாண்டுகளிலும் 100-ஐ ஒட்டியே நின்றது. 1990-களில் அங்கேயும் குற்றம் குறைந்தது, ஏறத்தாழ அதே நேரத்தில், அதே வடிவில். அமெரிக்காவுக்குள்ளேயே நியூயார்க் மாநிலத்தை எடுங்கள். 1999-இல் மாநிலச் சிறைகளில் 72,000-க்கு மேல் இருந்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் பாதியை நோக்கி இறங்கியது. நியூயார்க் நகரில் 1990-இல் 2,200-க்கு மேல் இருந்த கொலைகள் 2017-இல் 300-க்குக் கீழே வந்தன.

ஐந்து மடங்கு ஏற்றம் எங்கிருந்து வந்தது என்பதையும் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழுமத்தின் 2014 அறிக்கைப்படி, 1980 முதல் 2010 வரை மாநிலச் சிறைகளில் ஏற்பட்ட வளர்ச்சியில் குற்றங்கள் கூடியதன் பங்கு ஏறத்தாழ ஒன்றுமில்லை. பாதிக்குக் காரணம், கைதானவரைச் சிறைக்கு அனுப்பும் வாய்ப்பு கூடியது. மறுபாதிக்குக் காரணம், உள்ளே வைக்கும் காலம் நீண்டது. வரத்து × காலம் என்றேன் அல்லவா, இரண்டையும் சட்டமன்றங்களும் அரசு வழக்கறிஞர்களும் திருகினார்கள்.

எப்படித் திருகினார்கள் என்றால்: 1994-இல் கலிபோர்னியாவில் மூன்றாவது முறை சிக்கினால் 25 ஆண்டு முதல் ஆயுள். அதே ஆண்டு மத்தியச் சட்டம், வன்முறைக் குற்றத்துக்கான தண்டனையில் 85 சதவீதத்தை உள்ளே கழிக்க வைக்கும் மாநிலங்களுக்குச் சிறை கட்ட மானியம் கொடுத்தது. அங்கே மாவட்ட அரசு வழக்கறிஞர் தேர்தலில் நின்று ஜெயிக்கிறவர். அவர் கடுமையாக நடந்தால் ஓட்டு அவருக்கு, சிறைச் செலவு மாநில அரசுக்கு. இந்த ஏற்பாடு இருக்கும் வரை எண்ணிக்கை தானாகக் குறையாது.

#6 வடமுனை

பின்லாந்தை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்விக்கு அதைவிடச் சுத்தமான ஒப்பீடு கிடைப்பது கடினம்.

1950-இல் பின்லாந்தின் சிறை விகிதம் லட்சத்துக்கு 190-ஐ ஒட்டி. ஸ்வீடன், நார்வே, டென்மார்க் மூன்றும் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவில். பண்பாடு, மதம், பொருளாதாரம், சட்ட மரபு எல்லாம் பக்கம் பக்கம். குற்றங்களும் அதற்கேற்ற மாதிரி மூன்று மடங்காக இருந்தனவா என்றால் இல்லை. அப்படியானால் இத்தனை பேரை ஏன் உள்ளே வைத்திருக்கிறோம் என்று அந்த நாட்டுச் சட்ட வல்லுநர்கள் 1960-களில் கேட்கத் தொடங்கினார்கள்.

அவர்கள் செய்தது ஒரே நாளில் கதவைத் திறந்துவிடுவதில்லை. ஒவ்வொரு குற்ற வகையாக எடுத்து, எங்கே ஆள் தேங்குகிறது என்று பார்த்தார்கள். இரண்டு பெரிய குவியல்கள்: திருட்டு, குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது.

திருட்டுக்கு 1972-இல் தண்டனை அளவைக் குறைத்தார்கள். 1950-இல் திருட்டுக்குச் சராசரியாக 12 மாதச் சிறை. 1971-இல் 7 மாதம். 1991-இல் 3 மாதத்துக்கும் குறைவு. குடிபோதை ஓட்டத்தில் 1971-இல் தண்டிக்கப்பட்டவர்களில் 70 சதவீதம் நேராகச் சிறைக்குப் போனார்கள். பத்தாண்டு கழித்து 12 சதவீதம். மற்றவர்களுக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையும் அதோடு நாள்வருமான அபராதமும். (பின்லாந்தில் அபராதம் 1921-இலிருந்தே வருமானத்துக்கு ஏற்றபடி. கூலிக்காரருக்கும் முதலாளிக்கும் ஒரே தொகை இல்லை. அபராதம் கட்ட முடியாமல் ஏழைகள் சிறைக்குப் போவதைக் குறைக்க இது அடிப்படையான விஷயம்.) நிபந்தனை விடுதலைக்கு முன் கட்டாயமாக உள்ளே இருக்க வேண்டிய காலம் ஆறு மாதமாக இருந்தது, 1970-களின் நடுவில் நான்கு மாதமாக்கி, 1989-இல் 14 நாளாக்கினார்கள்.

பிறகு சமூகசேவைத் தண்டனை. 1990-களின் தொடக்கத்தில் சில பகுதிகளில் சோதனை, 1994-இலிருந்து நாடு முழுக்க. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, பல நாடுகள் இதில்தான் சறுக்கின. புதிதாக லேசான தண்டனை ஒன்றைக் கொண்டுவந்தால் நீதிபதிகள் அதைச் சிறைக்குப் பதிலாகப் பயன்படுத்தாமல், முன்பு அபராதத்தோடு போயிருக்கக்கூடியவர்களுக்குக் கொடுக்கத் தொடங்குவார்கள். சிறை குறையாது, வலைதான் அகலமாகும். பின்லாந்தில் இதைத் தடுக்க இரண்டு படி வைத்தார்கள். நீதிபதி முதலில் வழக்கமான விதிப்படி நேரடிச் சிறைத் தண்டனையை விதித்தாக வேண்டும். அது எட்டு மாதத்துக்குள் இருந்தால் மட்டுமே அடுத்த படியாகச் சேவையாக மாற்றலாம், ஒரு நாள் சிறைக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில். சேவையை முடிக்காமல் விட்டால் மிச்சம் மறுபடி சிறை நாள்.

விளைவு: 1990-களில் பின்லாந்து மற்ற மூன்று நாடுகளின் அளவுக்கே, 60-ஐ ஒட்டி இறங்கிவிட்டது. இந்தக் காலம் முழுக்க நான்கு நாட்டுக் குற்ற வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஒரே மாதிரி ஏறி, 1990-களில் ஒரே மாதிரி சமன்படுகின்றன. ஒரு நாட்டில் சிறை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கிறது, மற்ற மூன்றில் அசையவில்லை. குற்ற வரைபடத்தைப் பார்த்து எந்த நாடு பின்லாந்து என்று கண்டுபிடிக்க முடியாது.

கோடு எப்போதும் கீழ்நோக்கியே போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1999-க்குப் பின் சில ஆண்டுகள் ஏறி, 2005 வாக்கில் 70-ஐத் தாண்டி, மறுபடி இறங்கியது.

#7 கருங்கல்

பின்லாந்து 55 லட்சம் பேர் உள்ள நாடு. அங்கே கூலிப்படை இல்லை, கட்டப்பஞ்சாயத்து இல்லை. அதை வைத்து எல்லோருக்கும் பாடம் நடத்தக் கூடாது. அதோடு அவர்கள் விட்டதெல்லாம் சின்னத் திருடர்களையும் குடித்துவிட்டு ஓட்டியவர்களையும். சிறையைத் திடீரென்று காலி செய்த பெரிய நாடு ஏதாவது உண்டா? அங்கே என்ன நடந்தது?

#8 எண்ணாயிரம்

உண்டு. இத்தாலி. இங்கே உங்கள் பக்கத்துக்கும் வலு இருக்கிறது, மறைக்காமல் சொல்கிறேன்.

2006 ஜூலை 31 தேதியிட்ட சட்டத்தின்படி, மிச்சத் தண்டனை மூன்று ஆண்டுக்குள் இருந்தவர்களுக்குப் பொதுமன்னிப்பு. மாஃபியா, பயங்கரவாதம் போன்ற குற்றங்களுக்கு இல்லை. ஒரே மாதத்தில் சுமார் 22,000 பேர் வெளியே. 60,000-க்குச் சற்று மேல் இருந்த சிறைவாசிகள் 39,000-க்கு இறங்கினார்கள். லட்சத்துக்கு 100-இலிருந்து 66-க்கு. அடுத்த மாதங்களில் திருட்டும் கொள்ளையும் கண்ணுக்குத் தெரிகிற அளவு கூடின. சிறை மறுபடி நிரம்ப நிரம்ப அந்தக் கூடுதல் மறைந்தது. ஆக, உள்ளே இருப்பவன் வெளியே திருட முடியாது என்ற உங்கள் வாதம் இங்கே நிற்கிறது.

ஆனால் இதே இத்தாலியில் இன்னொரு தகவலும் இருக்கிறது. மன்னிப்பு நிபந்தனையோடு வந்தது. ஐந்து ஆண்டுக்குள் மறுபடி குற்றம் செய்து சிக்கினால், புதிய தண்டனையோடு பழைய மிச்சமும் சேரும். ஒருவருக்கு மிச்சம் 2 மாதம், இன்னொருவருக்கு 30 மாதம் என்று தற்செயலாக அமைந்ததால், தண்டனை பயம் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்க முடிந்தது. ஒவ்வொரு மாதக் கூடுதல் மிச்சத்துக்கும் மறுகுற்ற வாய்ப்பு 1.3 சதவீதம் குறைந்தது. பயம் வேலை செய்கிறது, ஆனால் சின்ன அளவில்.

இதோடு கலிபோர்னியாவை வைத்துப் பாருங்கள். 2011 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அந்த மாநிலச் சிறைகளின் நெரிசலை வடிவமைப்புக் கொள்ளளவின் 137.5 சதவீதத்துக்குக் குறைக்கச் சொன்ன உத்தரவை உறுதி செய்தது. 80,000 பேருக்குக் கட்டிய சிறைகளில் அதற்கு முன் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் இருந்தார்கள். 2011 அக்டோபரிலிருந்து வன்முறையில்லாத, கடும் வகையில் சேராத குற்றவாளிகளை மாவட்டப் பொறுப்புக்கு மாற்றினார்கள். ஓராண்டில் சுமார் 27,000 பேர் மாநிலச் சிறையிலிருந்து குறைந்தார்கள். வன்முறைக் குற்றத்தில் தெளிவான ஏற்றம் எதுவும் காணப்படவில்லை. வாகனத் திருட்டு கூடியது, சிறையிலிருந்து குறைந்த ஒவ்வொரு கைதிக்கும் ஆண்டுக்கு ஒன்று என்ற அளவில்.

இத்தாலியில் விளைவு பெரிதாகவும் கலிபோர்னியாவில் சிறிதாகவும் இருக்கக் காரணம், இத்தாலி 100-இலிருந்து இறங்கியது, கலிபோர்னியா அதைவிடப் பல மடங்கு உயரத்திலிருந்து. சிறை எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது உள்ளே இருப்பவர்கள் அடிக்கடி, கடுமையாகக் குற்றம் செய்கிறவர்கள். எண்ணிக்கை ஏற ஏற, புதிதாக உள்ளே வருகிறவரால் தவிர்க்கப்படும் குற்றம் குறைந்துகொண்டே போகும். அதோடு வயது. குற்றம் அதிகம் நடக்கும் வயது 18-இலிருந்து 25 வரை. 30 ஆண்டுத் தண்டனை கொடுத்தால், 50 வயதில் எதுவும் செய்யப்போகாத ஆளையும் செலவு செய்து உள்ளே வைத்திருக்கிறோம். போதைப்பொருள் விற்பவர் என்றால் அவர் இடத்துக்கு மறுநாளே வேறொரு பையன் வந்துவிடுவான். அங்கே தவிர்க்கப்பட்ட குற்றம் பூஜ்யத்துக்குப் பக்கம்.

#9 வைகைக்கரை

இது தெளிவாக இருக்கிறது. எல் சால்வடாருக்கு யாராவது வாருங்கள். அதுதான் பட்டியலின் உச்சியில் இருக்கிறது.

#10 தென்மேற்கு

தேதிவாரியாக வைத்தால் பாதிக் குழப்பம் தீரும். 2015-இல் கொலை விகிதம் லட்சத்துக்கு 100-க்கு மேல், அப்போது உலகிலேயே மோசமான நிலை. 2019-இல் 40-க்குக் கீழ். 2021-இல் 18 அளவில். 2022 மார்ச் 25 முதல் 27 வரை மூன்று நாளில் 87 பேர் தெருக் கும்பல்களால் கொல்லப்பட்டார்கள். 27-ஆம் தேதி அவசரநிலை. அதன்பின்தான் கூட்டங்கூட்டமாகக் கைது, 80,000-க்கு மேல். 2023-இல் கொலை விகிதம் 2.4 என்று அரசு சொன்னது.

ஆகவே 100-இலிருந்து 18 வரையான இறக்கம் அவசரநிலைக்கு முந்தியது. 18-இலிருந்து 2.4 வரை பிந்தியது. கும்பல்களின் மாமூல் வசூல் ஒடுங்கியது நிஜம், மக்கள் தெருவில் நடமாட முடிகிறது என்பதும் நிஜம். அதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. அரசு எண்ணில் போலீஸ் மோதலில் இறந்தவர்களும், புதைகுழிகளில் கண்டெடுக்கப்படும் உடல்களும் சேர்வதில்லை. அவற்றைச் சேர்த்தாலும் இறக்கம் பெரிதுதான்.

விலை என்ன என்று கேட்க வேண்டும். நீதிபதி முன் நிறுத்தாமல் வைக்கும் காலம் 72 மணி நேரத்திலிருந்து 15 நாளானது. 2023-இல் சட்டத்தைத் திருத்தி ஒரே விசாரணையில் 900 பேர் வரை நிறுத்தலாம் என்றார்கள். ஆயிரக்கணக்கானோரை நிரபராதிகள் என்று அரசே பின்னர் விடுவித்தது. அதோடு அங்கே கும்பல் உறுப்பினர் உடம்பில் பச்சை குத்தியிருப்பார், தெருவுக்குத் தெரு எல்லை இருக்கும், தலைமை இருக்கும். குடும்பத் தகராறிலும் நிலத்தகராறிலும் குடிபோதையிலும் கொலை நடக்கும் ஊரில் யாரை அள்ளுவது? நம் நாட்டில் கொலைக்கான காரணப் பட்டியலில் தகராறும் முன்விரோதமும்தான் மேலே நிற்கின்றன. 80,000 பேரை அள்ளினாலும் நாளைய கொலைகாரர் அதில் இருக்க மாட்டார்.

#11 பனங்கூடல்

இலங்கையில் இருந்து எழுதுறன். எங்கட நிலைமை இந்தக் கணக்குக்கு இன்னொரு உதாரணம். மறியல்சாலைகள் (சிறைகள்) கொள்ளளவைப்போல இரண்டு மடங்குக்கு மேல நிரம்பி இருக்கு. அரைவாசிக்கு மேல விளக்கமறியல் ஆக்கள், அதாவது நீங்கள் சொல்லுற விசாரணைக் கைதிகள். தண்டனை பெற்று உள்ள போறவையில பெரும்பங்கு, குற்றப்பணம் (அபராதம்) கட்ட வழியில்லாமல் போறவை. நீதவான் அவைக்குச் சிறை குடுக்க நினைக்கவே இல்லை, குற்றப்பணம்தான் விதிச்சவர். காசு இல்லாததால அது சிறையா மாறுது.

2023 டிசம்பரில யுக்திய எண்ட பொலிஸ் போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கை தொடங்கின உடன வரத்து ஒரேயடியாக் கூடினது. போதைப்பொருள் பாவிக்கிறவரும் விக்கிறவரும் ஒரே கூண்டுக்குள்ள. சிறைக்குப் பதிலா வெளியில வேலை செய்ய விடுற சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம் 1999-இலேயே வந்தது. சட்டம் இருக்கு, பாவிக்கிறது போதாது. வடமுனை சொன்ன அந்த நாள்வருமான அபராதம் இஞ்ச வந்தால் அடுத்த மாசமே வித்தியாசம் தெரியும்.

#12 தராசுமுள்

தமிழ்நாட்டுக்கு வருகிறேன். இங்கே மூன்றாவது ஒரு வகை உண்டு: தடுப்புக் காவல். 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் சட்டம், ஊர் வழக்கில் குண்டர் சட்டம். இந்தியாவிலேயே தடுப்புக் காவலில் அதிகம் பேரை வைத்திருக்கும் மாநிலம் என்று தமிழ்நாடு ஆண்டுதோறும் பட்டியலில் வருகிறது. நடைமுறை இப்படி: கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ உத்தரவிடுகிறார். 12 நாளுக்குள் அரசு ஒப்புதல் தர வேண்டும். மூன்று வாரத்துக்குள், உத்தரவுக்குப் போதிய காரணம் உண்டா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்துக்கு அனுப்ப வேண்டும். ஏழு வாரத்துக்குள் கழகம் அறிக்கை தர வேண்டும். அதிகபட்சம் 12 மாதம் உள்ளே. விசாரணையும் இல்லை, தண்டனையும் இல்லை.

இந்த உத்தரவுகளில் ஏராளமானவை ஆட்கொணர்வு மனுவில் உயர் நீதிமன்றத்தில் ரத்தாகின்றன. காரணம் பெரும்பாலும் ஒரே ரகம்: முறையீட்டைப் பரிசீலிக்கத் தாமதம், கொடுத்த ஆவண நகல் படிக்க முடியவில்லை, கைதிக்குப் புரியும் மொழியில் மொழிபெயர்ப்பு இல்லை, ஜாமீனில் வருவார் என்பதற்கு ஆதாரம் காட்டவில்லை. ரத்தாவதற்குள் ஐந்தாறு மாதம் போயிருக்கும். நிரூபித்துத் தண்டனை வாங்க வேண்டிய உழைப்புக்குப் பதிலாக இந்தக் குறுக்குவழி. உத்தரவு ரத்தானால் அவர் வெளியே, மூல வழக்கோ குற்றப்பத்திரிகை கட்டத்திலேயே நிற்கும்.

அடுத்து ஜாமீன். ஜாமீன் உத்தரவு கையில் இருந்தும் உள்ளே கிடப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு ஜாமீன்தாரர், ஒருவர் ரத்த உறவு, சொத்து மதிப்புச் சான்றுக்குத் தாசில்தார் ஆபீஸ் அலைச்சல். வெளிமாநிலத் தொழிலாளிக்கு ரத்த உறவை எங்கே தேடுவது? இதற்கு வழி இருக்கிறது, வழக்கறிஞர்களே பல சமயம் கேட்பதில்லை. 2023 ஜனவரி 31 உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி, ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் வெளியே போகாவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் ஜாமீன்தாரர் கொடுக்க முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்த முடியுமா என்று நீதிமன்றம் தானாகவே பார்க்கலாம். ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டத்தில், 2023-இல் வந்த விதிப்படி, விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரையும், அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 வரையும் என்று இருந்தது.

#13 கருங்கல்

தராசுமுள் ஐயா, வெளியே விட்டால் மறுபடி செய்கிறார்களே, அதற்கு என்ன பதில்? சங்கிலி பறிப்பில் ஒரே ஆள் பத்து வழக்கில் வருகிறான்.

#14 எண்ணாயிரம்

பத்து வழக்கில் வருபவரை உள்ளே வைப்பதில் இங்கே யாருக்கும் மறுப்பு இல்லை. அந்த ஆள் மூன்றாவது வழக்கிலேயே ஏன் தண்டிக்கப்படவில்லை என்பதுதான் கேள்வி. பிடிபடுவது உறுதி, தீர்ப்பு சீக்கிரம் வரும் என்று தெரிந்தால் பயம் வரும். எட்டு ஆண்டு கழித்து வரப்போகும் பத்தாண்டுத் தண்டனைக்கு 19 வயதுப் பையன் பயப்பட மாட்டான். இத்தாலியின் 1.3 சதவீதத்தை மறுபடி பாருங்கள். காலத்தைக் கூட்டுவதால் கிடைப்பது அவ்வளவுதான்.

விசாரணைக் காவல் மறுகுற்றத்தைக் குறைக்கிறதா என்பதும் அளக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் பிலடெல்பியா, மயாமி பகுதிகளில் ஜாமீன் நீதிபதிகளில் சிலர் தாராளமானவர், சிலர் இறுக்கமானவர். யாரிடம் போவது என்பது தற்செயல். அதை வைத்துப் பார்த்ததில், உள்ளே இருந்த நாட்களில் தவிர்த்த குற்றத்தைப் பின்னாளில் கூடும் குற்றம் ஈடுகட்டிவிடுகிறது. நிகர லாபம் இல்லை. நிச்சயமாக நடப்பது இரண்டு: உள்ளே இருப்பவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை வாங்குவது கூடுகிறது, வேலை போகிறது. நார்வேயில் இதே முறையில் பார்த்தபோது முடிவு மாறியது. முன்பு வேலையில்லாமல் இருந்தவர்கள் சிறைக்குப் போய் வந்தபின் மறுகுற்றம் குறைந்தது, ஏனென்றால் உள்ளே தொழிற்பயிற்சி நிஜமாகவே நடக்கிறது. சிறைக்குள் என்ன நடக்கிறது என்பது எத்தனை பேர் உள்ளே என்பதற்குச் சமமாக முக்கியம்.

#15 வைகைக்கரை

கடைசியாக ஒன்று. மாநிலவாரியாக இதை நாமே ஒப்பிட்டுப் பார்க்க நினைத்தால் எங்கே சறுக்குவோம்?

#16 எண்ணாயிரம்

முதல் சறுக்கல், மொத்த வழக்கு எண்ணிக்கையைக் குற்ற அளவாக எடுப்பது. 2020-இல் தமிழ்நாட்டின் வழக்கு எண்ணிக்கை வானத்துக்குப் போனது. காரணம் ஊரடங்கு மீறல், இந்திய தண்டனைச் சட்டத்தின் 188-ஆம் பிரிவு. எஃப்ஐஆர் ஒழுங்காகப் போடும் மாநிலம் மோசமாகவும், புகாரை வாங்காத மாநிலம் நல்லதாகவும் தெரியும். கொலையை மட்டும் எடுங்கள், உடலை மறைப்பது கடினம். அப்படிப் பார்த்தால் 1990-களின் தொடக்கத்திலிருந்து இந்தியாவின் கொலை விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. சிறைவாசிகள் 2001-இல் 3.13 லட்சம், 2022-இல் 5.73 லட்சம். கூடிய பகுதியில் பெரும்பங்கு விசாரணைக் கைதிகள் என்பதால் "சிறை கூடியதால் கொலை குறைந்தது" என்று சொல்ல முடியாது, "குற்றம் கூடியதால் சிறை கூடியது" என்றும் சொல்ல முடியாது.

அட்டவணை போடும்போது ஒவ்வொரு மாநிலத்துக்கும் இந்தப் பத்திகள் வையுங்கள்: ஆண்டு இறுதி இருப்பு, ஆண்டு வரத்து, விசாரணை / தண்டனை / தடுப்புக் காவல் தனித்தனி, மக்கள்தொகை (அதே ஆண்டின் மதிப்பீடு, 2011 கணக்கு வேண்டாம்), கொலை வழக்கு. இருப்பை வரத்தால் வகுத்து நாள் கணக்கு எடுங்கள். சராசரியைப் பார்த்து ஏமாற வேண்டாம். பெரும்பாலோர் மூன்று மாதத்துக்குள் போய்விடுவார்கள், ஆனால் 2021 இறுதியில் 11,000-க்கு மேற்பட்ட விசாரணைக் கைதிகள் ஐந்து ஆண்டைத் தாண்டி உள்ளே இருந்தார்கள். சராசரிக்குள் அவர்கள் காணாமல் போய்விடுவார்கள். காலவாரி அட்டவணை அதே அறிக்கையில் தனியாக இருக்கிறது.

#17 தராசுமுள்

அந்தக் காலவாரி அட்டவணையைப் பார்ப்பவர்கள் இதையும் சேர்த்துப் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (BNSS) 479-ஆம் பிரிவுப்படி, முதல் முறை சிக்கியவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கையும், மற்றவர் பாதியையும் உள்ளே கழித்துவிட்டால் ஜாமீனில் விடுவிக்கப்பட வேண்டும். சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு. முதல் முறை என்றால் 12 மாதம், இல்லையென்றால் 18 மாதம். மரணமோ ஆயுளோ விதிக்கக்கூடிய குற்றத்துக்குப் பொருந்தாது. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனு போடும் பொறுப்பைச் சட்டம் சிறைக் கண்காணிப்பாளர் மீதே வைத்திருக்கிறது.

இடறும் இடம் இரண்டாவது உட்பிரிவு. ஒன்றுக்கு மேற்பட்ட குற்றத்துக்கோ பல வழக்குகளிலோ விசாரணை நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை இல்லை. ஒரே சம்பவத்துக்கு மூன்று பிரிவு போட்டு எஃப்ஐஆர் பதிவது நம் ஊர் வழக்கம். அந்த ஒரு வரியாலேயே தகுதியானவர்களில் ஏராளமானோர் பட்டியலிலிருந்து விழுந்துவிடுகிறார்கள். உங்கள் மாவட்டத்து விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழுவுக்கு விவரம் கேட்டுத் தகவல் உரிமை மனு போடுவதாக இருந்தால், "479-இன் கீழ் எத்தனை பேர் தகுதி" என்று மட்டும் கேட்காதீர்கள். "இரண்டாவது உட்பிரிவால் எத்தனை பேர் நீக்கப்பட்டார்கள், அதில் ஒரே எஃப்ஐஆர் உள்ளவர்கள் எத்தனை பேர்" என்று தனித்தனியாகக் கேளுங்கள்.